கருவியோடு விளக்கமும் வேண்டும்



கோட்டைக்குப்பம் மீனவ மக்களுக்குச் செய்யும் மருத்துவப் பணிக்கு, வெளிநாட்டிலிருந்து கருவிகள் வாங்கி அனுப்பலாமா என்று உங்களில் சிலர் அன்போடு கேட்கிறீர்கள். மிகவும் நன்றி. ஆனால் கருவியோடு வரும் கையேட்டின் மொழியையும் கவனிக்கவேண்டும் என்று தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

2006-2007-ம் ஆண்டுகளில், பெர்லின் நகரின் ஒரு மருத்துவமனையில் 47 செயற்கை மூட்டுகள் தவறாகப் பொருத்தப்பட்டன. சிமெண்ட் வைத்துப் பொருத்தவேண்டிய மூட்டு அது. பெட்டியின்மேல் இருந்த ஆங்கிலச் சொற்களை, 'சிமெண்ட் வேண்டாம்' என்று தவறாகப் புரிந்துகொண்டார்கள். தேர்ந்த மருத்துவர்கள் இருந்த இடத்திலேயே இப்படி நேர்ந்தது.

ஸ்பெயினில் செய்த கருவி ஜெர்மனியில் விற்கப்படும்போது, அதன் விவரம் பொதுவாக ஜெர்மன் மொழியில் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இதற்கு இரு மொழியும் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டு, ஸ்பானிஷ் நன்கு கற்று, கருவி வேலை செய்யும் விதமும் அறிந்தவரைத் தேடுகிறார்கள். அவர் எழுதியதை இரண்டாம் நபர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும் என்று 2015-ல் வெளிவந்த சர்வதேசத் தர விதி சொல்லுகிறது.

எண்களிலும் ஆபத்து உண்டு. அந்த நாடுகளில் 2,5 என்றால் இரண்டரை. 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. நம்மவர் அதை ஒன்றரை என்று வாசித்துவிடலாம்!

நம் மிஷனெரிகள் இந்தத் தேவையை அன்றே உணர்ந்திருந்தார்கள். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் தமிழ் மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அந்நிய பாஷையில் பேசினால் அர்த்தம் சொல்லுகிறவர் வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

சர்க்கரை பார்க்கும் சிறு கருவியானாலும், அதன் தமிழ்க் குறிப்பை மருத்துவர் ஒருவர், நர்சு ஒருவர், குப்பத்துத் தாயார் ஒருவர் வாசித்து, மூவரும் ஒரே விதமாய்ப் புரிந்துகொண்ட பிறகே வீடுகளுக்குக் கொடுப்பது நல்லது.

எனவே கருவி வாங்குமுன் ஆங்கிலக் கையேடு உண்டா என்று கேளுங்கள். காணிக்கையில் ஒரு சிறு பங்கைத் தமிழாக்கத்திற்கு ஒதுக்குங்கள். உங்கள் சபையில் ஸ்பானிஷ் அல்லது ஜெர்மன் அறிந்த மருத்துவத் துறையினர் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவர்களுடைய ஒரு மணி நேரமும் எங்களுக்கு விலையேறப்பெற்ற காணிக்கையே.