யார் அந்த ‘நீ’? - ‘ஐந்தாம் பருவம்’ நாவலும் அதன் வாசகர்களும்

1

வாசகர் அபிப்பிராயங்களை விமர்சனம் பெரும்பாலும் சீந்துவதில்லை. ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’, ‘நூறு பக்கம் போனேன், முடியல, மூடி வெச்சிட்டேன்’ என்பவையெல்லாம் வெறும் ரசனை முனகல்கள், பிரதி குறித்துச் சொல்ல அவற்றிடம் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் சில பிரதிகளைப் பொறுத்தவரை, வாசிக்கிறவர் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கிறார் என்று கவனித்தாலே போதும். பிரதிக்குள் இயங்கும் அரசியலோடு, அவர் எங்கே நின்றுகொண்டு வாசிக்கிறார் என்பதும் வெளிப்பட்டுவிடும். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்.கே. ஜெமிசினின் ‘தி ஃபிப்த் சீசன்’ அத்தகைய நாவல். ‘ஐந்தாம் பருவம்’ என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். 2015இல் வெளியான இது ‘உடைந்த பூமி’ முத்தொகுதியின் முதல் நாவல். கதை தெரிந்துவிட்டால் சுவாரஸ்யம் கெட்டுவிடும் என்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வரலாம். கதையைத் தொடாமல் இதைப் பேச வழியில்லை.

‘அசைவின்மை’ என்று கேலியாகப் பெயரிடப்பட்ட, ஓயாமல் நிலம் நடுங்குகிற ஒரு கண்டம். சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை எரிமலைச் சாம்பல் வானத்தை மூடி, பயிர் செத்து, பல ஆண்டுகள் நீடிக்கும் பஞ்சம் வரும். அதுதான் ஐந்தாம் பருவம். இந்த மக்களில் ‘ஓரோஜீன்கள்’ எனப்படுவோர் பிறவியிலேயே நில அதிர்வை அடக்கவும் கிளப்பவும் வல்லவர்கள். சுற்றியிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி அவர்கள் இதைச் செய்யும்போது பக்கத்திலிருக்கும் உயிர்கள் உறைந்து சாகலாம். எனவே ஊர்க்காரர்கள் அவர்களை ‘ரோக்கா’ என்னும் வசைச்சொல்லால் அழைக்கிறார்கள், கண்டால் அடித்துக் கொல்கிறார்கள். அகப்பட்ட குழந்தைகளை ‘ஃபல்க்ரம்’ என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டு போய்ப் பேரரசின் கருவிகளாகப் பழக்குகிறது.

இந்த உலகில் ஆளின் பெயரோடு அவருடைய ‘பயன்-சாதி’யும் ஒட்டிக்கொண்டு வரும். நம்முடைய விளக்கச் சொல் என்று நினைக்க வேண்டாம், ‘சாதி’ என்ற சொல்லையே ஜெமிசின் பயன்படுத்துகிறார். அங்கீகரிக்கப்பட்டவை இருபது, பரவலாகப் புழங்குபவை ஏழு. மகள் தாயிடமிருந்தும் மகன் தந்தையிடமிருந்தும் அதைப் பெறுகிறார்கள். உடல் உழைப்புக்கு ஒரு சாதி, பிள்ளை பெறுவதற்கு ஒரு சாதி, தலைமைக்கு ஒரு சாதி. ரோக்காவுக்கு இதில் இடமே கிடையாது. அவர்கள் மனிதர்கள் அல்லர் என்று அறிஞர் சபை ஒன்று பிரகடனமே செய்து வைத்திருக்கிறது.

2

நாவலின் மீது எழுந்த முதல் எதிர்ப்பு அது வெளிவருவதற்கு முன்பே தயாராக இருந்தது. ஹ்யூகோ விருது 1953 முதல் வழங்கப்படுவது. உலக அறிவியல் புனைவு மாநாட்டில் சந்தா கட்டி உறுப்பினராகிற வாசகர்கள் வாக்களித்துத் தரும் பரிசு இது. அதாவது வாசக அபிப்பிராயம் இங்கே எண்ணப்படுகிறது. 2013இலிருந்து ‘சோக நாய்க்குட்டிகள்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட ஓர் அணியும், பிறகு அதைவிடத் தீவிரமான ‘வெறி நாய்க்குட்டிகள்’ அணியும் பரிந்துரைப் பட்டியல் போட்டு இந்த வாக்கெடுப்பைக் கைப்பற்ற முயன்றன. 2015இல் சோக அணியின் அமைப்பாளராக இருந்த பிராட் டோர்கர்சன் சொன்ன உவமை காலை உணவு டப்பாவைப் பற்றியது. ஆண்டுக்கணக்காக ஒரே டப்பாவை வாங்குகிறோம், உள்ளே அதே பண்டம் இருக்கும் என்று நம்புகிறோம், ஒருநாள் திறந்தால் வேறு ருசி. அட்டையில் விண்கப்பல் இருக்கிறது, உள்ளே போனால் இனவெறியும் சுரண்டலும் பற்றிப் பேச்சு. ஏமாற்றிவிட்டார்கள்!

இதைச் சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது. வகைமை என்பது வாசகருக்கும் பிரதிக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் என்பது சரியான கருத்துதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து இருந்தது? 1954இல் டோல்கீனின் முத்தொகுதி தொடங்கிய காலத்திலிருந்து ‘ஓர்க்’ என்னும் கூட்டத்தைக் குற்றவுணர்வின்றி வெட்டித் தள்ளுவது இந்த வகைமையில் மாமூலான காரியம். அதில் அரசியல் இல்லை என்று தோன்றுவது, வெட்டுகிறவன் பக்கம் நின்று வாசிப்பவருக்கு மட்டுமே. டப்பாவில் அரசியல் எப்போதும் இருந்தது. ருசி பழகிப்போனதால் நாக்குக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாக்காளர்கள் 2015இல் ஐந்து பிரிவுகளில் யாருக்குமே விருது வேண்டாம் என்று வாக்களித்தார்கள். 2016இல் சிறந்த நாவலுக்கான விருது ‘ஐந்தாம் பருவ’த்துக்குக் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளர் ஜெமிசின். 2017, 2018இல் அடுத்த இரு நாவல்களும் அதே பரிசைப் பெற்றன. தொடர்ந்து மூன்றாண்டுகள் வேறு யாரும் அதற்கு முன் பெற்றதில்லை. எண்ணிக்கையில் இந்தச் சண்டை முடிந்துபோனது. இதைக் காட்டிலும் சுவையான இரண்டு எதிர்ப்புகள், நாவலை முழுசாக வாசித்தவர்களிடமிருந்தே வந்தவை.

3

முதலாவது, கதை சொல்லும் முறை பற்றியது. நாவலில் மூன்று பெண்கள் வருகிறார்கள். எஸ்ஸுன் நாற்பது வயது கடந்தவள், தான் ஓரோஜீன் என்பதை மறைத்து ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியையாக வாழ்கிறவள். ஒருநாள் வீடு திரும்பினால் மகனின் பிணம் கிடக்கிறது. பையன் ஓரோஜீன் என்று தெரிந்ததும் புருஷனே அடித்துக் கொன்றுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். டமாயா, பெற்றோரே களஞ்சியத்தில் பூட்டி வைத்து, ‘காவலர்’ ஒருவரிடம் ஒப்படைக்கும் சிறுமி. சயெனைட், ஃபல்க்ரமில் பயிற்சி முடித்து, அதன் ஏவலில் வேலை செய்யவும் கர்ப்பம் தரிக்கவும் அனுப்பப்படுகிற இளம்பெண். பின்னிருவர் கதையும் படர்க்கையில் வருகிறது. எஸ்ஸுனின் கதை மட்டும் முன்னிலையில். ‘நீ நடக்கிறாய், நீ பிணத்தருகே உட்கார்ந்திருக்கிறாய்’ என்ற தோரணையில்.

‘என்னைக் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கு’ என்று இதற்குப் பலர் எரிச்சல்பட்டிருக்கிறார்கள். ‘நானே எஸ்ஸுன் ஆகிவிட்டேன்’ என்று உருகியவர்களும் உண்டு. இரு தரப்பும் அந்த ‘நீ’ தம்மைச் சுட்டுவதாகவே எடுத்துக்கொண்டன. ஆனால் பிரதியில் நடப்பது வேறு. மூன்று பெண்களும் ஒரே பெண்தான் என்பது முதலில் தெரிய வருகிறது. பிறகு, இந்தக் கதையைச் சொல்கிறவன் ஹோவா என்னும் கல்மனிதன் என்பதும், அவன் எஸ்ஸுனிடம் அவள் வாழ்க்கையையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதும். அப்படியென்றால் அந்த ‘நீ’ வாசகர் இல்லை. இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை நாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஒடுக்கப்பட்டவர் அனுபவத்தை வாசித்து ‘நானும் அதுவானேன்’ என்று சொல்லிக்கொள்வது சுலபம். அது ஓர் ஆக்கிரமிப்பாகவும் முடியலாம். உன் வலியில் எனக்கு ஒரு நாற்காலி போடு என்று கேட்பது மாதிரி. ஜெமிசினின் உத்தி அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கடைசியில் மெல்ல உருவிக்கொள்கிறது. அனுதாபத்தைத் தடுக்கவில்லை, அது எத்தனை தூரம் போகலாம் என்று அளந்து காட்டுகிறது.

இந்த நாவலைத் தமிழில் கொண்டுவர நினைப்பவருக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கலும் காத்திருக்கிறது. ஆங்கிலத்தின் முன்னிலைக்கு மரியாதை, மரியாதையின்மை என்ற பேதம் இல்லை. நமக்கு ‘நீ’யா, ‘நீங்க’ளா என்று தீர்மானித்தாக வேண்டும். தலைநரைத்த மனிதரைச் சேரிக்கு வெளியே இருந்து வந்த பொடிப்பயல் ‘நீ’ என்று கூப்பிட்ட சரித்திரம் இந்தச் சொல்லின் மீது படிந்திருக்கிறது. ஹோவாவின் ‘நீ’ நெருக்கத்தின் ‘நீ’. இரண்டும் ஒரே எழுத்துதான். எது எது என்பதை, சொல்கிறவன் யார் என்று தெரிந்த பிறகே நம்மால் பிரிக்க முடிகிறது. நாவலின் வாசகர் கடைசிப் பக்கங்கள் வரை தவித்ததும் இதே இடத்தில்தான்.

4

இரண்டாவது எதிர்ப்பு அரசியல் உணர்வுள்ள வாசகர்களுடையது, எனவே கனமானது. ஓரோஜீன்கள் அடிமைப்பட்ட கறுப்பினத்தவருக்கு உருவகம் என்றால், அந்த உருவகம் தன்னையே தோற்கடிக்கிறது என்கிறார்கள். நிஜத்தில் கறுப்பின மக்களிடம் ஊரை அழிக்கும் சக்தி எதுவும் கிடையாது. அவர்கள் ஆபத்தானவர்கள் என்பது வெள்ளை இனவெறியின் கட்டுக்கதை. நாவலோ அந்த ஆபத்தை உண்மையாக்கிவிடுகிறது. அப்புறம் ஊர்க்காரன் பயப்படுவதில் என்ன தப்பு? 1963இல் தொடங்கிய ‘எக்ஸ்-மென்’ படக்கதைகள் மீதும் இதே கேள்வி எழுந்ததுண்டு.

கேள்வி நியாயமானது. ஆனால் நாவல் பயத்தையும் ஒடுக்குமுறையையும் எந்த வரிசையில் வைக்கிறது என்று பார்க்க வேண்டும். பேரரசு ஓரோஜீன்களைக் கண்டு நடுங்கி அவர்களை அடக்கவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் தலைநகரம் ஒருநாள்கூட நிற்காது. கண்டம் முழுக்க நடுக்கத்தைத் தணிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குள் சயெனைட் போகும்போது, மூளை சிதைக்கப்பட்டு, நாற்காலியில் கட்டிப்போடப்பட்டு, அனிச்சையாக நிலத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் உடலைப் பார்க்கிறாள். இது பயத்தின் விளைவு என்று யாரும் சொல்ல முடியாது. உழைப்பு தேவை, உழைப்பவர் மனிதராக இருப்பது தேவையில்லை. பயம் இந்த ஏற்பாட்டுக்குக் காவல் நிற்கிறது. ‘காவலர்’ ஷாஃபா சிறுமி டமாயாவின் கையை வேண்டுமென்றே முறிப்பதும் பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரில்தான்.

மேலும், அதிர்வை உணரும் உறுப்பு இந்த நாவலில் எல்லார் தலைக்குள்ளும் இருக்கிறது, ஓரோஜீன்களுக்கு அது கூர்மை, அவ்வளவே. மெயோவ் தீவில் அவர்கள்தான் தலைவர்கள், ஊர் அழிந்துவிடவில்லை. காஸ்ட்ரிமா என்னும் நிலத்தடி ஊரின் தலைவி இக்கா, வசைச்சொல்லான ‘ரோக்கா’வையே தன் பெயரின் நடுவில் பயன்-சாதியாகப் போட்டுக்கொள்கிறாள். நாலு பேர் காறித் துப்பிய சொல் பதவிப் பெயராகிறது. இழிவின் பெயரை எடுத்து எதிர்ப்பின் பெயராக்கிய இயக்கங்களை அறிந்த நமக்கு இது விளங்கும்.

ஆபத்து உண்மையா, கட்டுக்கதையா என்ற பிரிப்பே எத்தனை வழுக்கலானது என்பதற்கு நாவலுக்கு வெளியே போக வேண்டும். 2014 ஆகஸ்டில் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற ஆயுதமற்ற 18 வயது இளைஞரைச் சுட்டுக் கொன்ற போலீஸ்காரர், மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகனிடம் சிக்கிய ஐந்து வயதுக் குழந்தையைப் போலத் தான் உணர்ந்ததாகச் சாட்சியம் சொன்னார். பிரவுனின் முகத்தைப் பேயோடும் ஒப்பிட்டார். அவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. சக்தி இல்லாதவர் மீதும் சக்தியை ஏற்றிவிட முடியும் என்றால், ‘அவர்களிடம் சக்தி இல்லை’ என்று நிரூபிப்பதால் யார் உயிரும் காப்பாற்றப்படப் போவதில்லை.

5

இங்கேதான் நாவல் தன் வாசகரிடம் கடினமான ஒன்றைக் கேட்கிறது. எஸ்ஸுன் அப்பாவி இல்லை. ஊரை விட்டு வெளியேறும்போது தன்னைக் கொல்ல முயன்றவர்களோடு சேர்த்து ஒன்றுமறியாதவர்களையும் கொல்கிறாள். தன் குழந்தை காவலர் கையில் அகப்படக் கூடாது என்று சயெனைட் தானே அதைக் கொல்கிறாள். 1856இல் ஒஹையோவில் பிடிபட்ட மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண் தன் மகளைக் கொன்ற சம்பவமும், அதிலிருந்து பிறந்த டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ நாவலும் (1987) இதற்குப் பின்னால் நிற்கின்றன. கண்டத்தையே இரண்டாகப் பிளந்து கோடிக்கணக்கானவர்களைச் சாகவிடும் அலபாஸ்டரும் ஒடுக்கப்பட்டவன்தான்.

‘இவளை எப்படி நேசிப்பது?’ என்று கேட்ட வாசகர்கள் உண்டு. நேசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நல்லவராக, சாதுவாக, கையில் ஒன்றுமில்லாதவராக இருந்தால் மட்டுமே ஒருவருக்கு நியாயம் பேசுவோம் என்ற நிபந்தனையை நாம் எங்கிருந்து கற்றோம் என்பதுதான் நாவல் எழுப்பும் கேள்வி. சாதிக் கொலை நடந்த ஊருக்குப் போய் வந்த தோழர்களுக்கு இந்த நிபந்தனை புதிதல்ல. பிணம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். பையன் எப்படி? குடிப்பானா? எதுக்கு அந்தப் பக்கம் போனான்? நாமும் நம்மை அறியாமல் பதில் சொல்லத் தொடங்குவோம். நல்ல பையங்க, படிச்சிக்கிட்டிருந்தான், எந்த வம்புக்கும் போக மாட்டான். அந்தப் பதில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும்போதே, வம்புக்குப் போகிற பையனாக இருந்தால் கொன்றிருக்கலாம் என்ற வாக்கியத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

‘ஐந்தாம் பருவம்’ அந்தப் பதிலைச் சொல்ல மறுக்கிற பிரதி. பலருக்கு அது கசந்தது இதனால்தான் என்று படுகிறது. கசப்பைச் சொன்ன வாசகர்கள் பொய் சொல்லவில்லை, நாவல் சரியான இடத்தில் தொட்டிருக்கிறது.