தமக்கையின் கண்களான தங்கை

பள்ளிபாளையத்துத் தெருவில் கண்களை மூடிச் சற்று நேரம் நின்று பாருங்கள். விசைத்தறிகளின் ஓயாத ஓசையும், காவிரிப் பாலத்தின் வழியே ஈரோட்டுக்குச் செல்லும் பேருந்துகளின் இரைச்சலும் செவியில் நிறையும். ஆயினும், தறியில் ஓடும் நூலின் நிறத்தையும், காவிரியில் புதுவெள்ளம் செந்நிறமாய்ப் பெருகுவதையும் பிறர் சொன்னாலன்றி அறிய இயலாது. அவ்வாறு எடுத்துச் சொல்லும் அன்பைப் பற்றிய சிறுவர் நாவல் ஒன்றுண்டு.

அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர், தம் குடும்ப வரலாற்றைத் தழுவி 1939இல் வெளியிட்ட 'பை த ஷோர்ஸ் ஆப் சில்வர் லேக்' என்பதே அந்நூல். 1879இல், தம் பதினான்காம் வயதில், அவருடைய தமக்கை மேரி நோயுற்றுப் பார்வையை இழந்தார். நாவல் செங்காய்ச்சலைக் காரணமாகக் கூறுகிறது. மூளையையும் அதன் உறையையும் தாக்கிய நச்சுயிரித் தொற்றாக இருக்கலாம் என 2013இல் மருத்துவ ஆய்வாளர்கள் கருதினர்.

முன்னர் அடிக்கடி பிணங்கிய சகோதரிகள் அவ்விருவர். இப்போதோ, அக்காவின் கண்களாக இருக்கும் பொறுப்பைத் தந்தை லாராவிடம் ஒப்படைக்கிறார். காண்பனவற்றையெல்லாம் லாரா சொல்லோவியமாக்குகிறாள். ஒருநாள், புல்வெளியில் பாதை சட்டென்று அறுபட்டுப் போவதாக வருணிக்கிறாள். மேரியோ அதனை ஏற்கவில்லை. பாதை ஏரிவரை செல்கிறதே என்று திருத்துகிறாள். பார்வையிழந்தவள் எதையும் பேசாது பெற்றுக்கொள்பவள் அல்லள், மறுத்துரைக்கவும் உரிமையுடையவள். இரக்கத்திற்கும் நட்பிற்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ? அக்காவுக்காகச் சொல்லிப் பழகிய பழக்கமே லாராவைப் பிற்காலத்தில் எழுத்தாளராக்கியது எனலாம்.

மேரியின் வாழ்வு வீட்டு மூலையில் முடங்கவில்லை. 1881 முதல் 1889 வரை அயோவா மாநிலத்து விண்டன் நகரில் இருந்த பார்வையற்றோர் கல்லூரியில் அவர் பயின்றார். அதே காலத்தையொட்டி, 1890இல், நம் பாளையங்கோட்டையிலும் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். கல்வி ஒரு கதவைத் திறக்கும். கைகோத்து உடன் நடக்கவோ ஒரு தோழமை வேண்டும்.

அன்புப் பெற்றோரே, பார்வையற்ற பிள்ளையைக் கண்டு "ஐயோ, பாவம்" என்று கூறி நகர்ந்துவிட நம் மக்களைப் பழக்காதிருப்போம். அருகில் அமர்ந்து, இன்று ஆற்றில் நீர் எவ்வளவு, பாவில் என்ன நிறம் என்று சொல்லப் பழக்குவோம். அப்பிள்ளை திருத்தினால் செவிசாய்க்கவும் பழக்குவோம். நட்பு அங்கேதான் தொடங்குகிறது.