எல் பாசோ: புகை அடங்கியும் ஆறாத மண்

ஊர் இழத்தல் என்றதும் எறிகணையும் முற்றுகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஈயத்தால் ஊரிழந்த மக்களும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரில் அவர்கள் வாழ்ந்தனர். ஸ்மெல்ரர்ரவுண் என்பது அவ்வூரின் பெயர். தமிழில் உருக்காலையூர் எனலாம்.

றியோ கிறான்டே ஆற்றங்கரையில் 1887இல் எழுந்த உருக்காலை, பின்னர் அசார்க்கோ நிறுவனத்தின் உடைமையாயிற்று. சுரங்கங்களிலிருந்து வந்த தாதுவை உருக்கி அங்கே ஈயமும் செம்பும் பிரித்தெடுத்தனர். பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்த மெக்சிக்கத் தொழிலாளர், ஆலையின் காலடியிலேயே குடியமர்ந்தனர். தேவாலயம், பள்ளிக்கூடம், கடைகள், இடுகாடு என ஊர் வளர்ந்தது. சோறு போட்ட ஆலையின் புகையை அவர்கள் பகையாக எண்ணவில்லை.

புகை தொடர்பாக எல் பாசோ நகரசபை 1970இல் ஆலைமீது வழக்குத் தொடுத்தது. அதன் பின்னரே உண்மை வெளிப்பட்டது. 1969 முதல் 1971 வரையான மூன்றாண்டுகளில் மட்டும் 1,012 மெற்றிக் தொன் ஈயம் காற்றிற் கலந்திருந்தது. ஆலையிலிருந்து 1.6 கிலோமீற்றருக்குள் வாழ்ந்த, 1 முதல் 9 வயது வரையான பிள்ளைகளில் 53 வீதமானோரின் குருதியில், 100 மில்லிலீற்றருக்கு 40 மைக்கிரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதை 1972இல் மருத்துவ ஆய்வாளர் கண்டனர். நோய்க்குறி எதுவும் வெளித்தெரியாத பிள்ளைகளிடத்தும் நுண்ணறிவு குன்றியிருந்ததை, மருத்துவர் பிலிப் லான்ட்றிகன் குழுவினர் 1975இல் எடுத்துக்காட்டினர்.

தீர்வு என்னவாயிற்று? ஆலை நின்றது, ஊர் போயிற்று. பலர் வெளியேற விரும்பாத போதிலும் குடும்பங்கள் அகற்றப்பட்டன. வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. இடுகாடு மட்டும் இன்றும் அங்கே இருக்கின்றது.

ஆலை 1999இல் இயக்கத்தை நிறுத்தியது. நிறுவனம் 2005இல் வங்குரோத்து நிலையை அறிவித்தது. 19 மாநிலங்களில் அது மாசுபடுத்திய 80க்கும் மேற்பட்ட இடங்களுக்கென 2009இல் 179 கோடி டொலர் பெறப்பட்டது. 828 அடி உயரப் புகைபோக்கி 2013 ஏப்ரல் 13இல் தகர்க்கப்பட்டது. ஆயினும் மண் ஆறவில்லை. ஈயம் எரிவதில்லை, உக்குவதில்லை. மேல்மண்ணோடு ஒட்டித் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும். இதனால் எல் பாசோவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு வளவுகளின் மண்ணை அகழ்ந்து அகற்ற வேண்டியதாயிற்று.

இக்கதை நமக்கு எதற்கு? வாடகை குறைந்த வீடுகள் பெரும்பாலும் பழைய ஆலைகளுக்கும் புகையிரதத் தளங்களுக்கும் அருகிலேயே கிடைக்கின்றன. புதிதாய் வந்து சேர்வோர் அங்கேதான் குடியேறுகின்றனர். சிறிது வளவு கிடைத்தால் கீரையும் கத்தரியும் நடுகின்றோம். பிள்ளைகள் அம்மண்ணில் விளையாடி, கைவிரலை வாயில் வைக்கின்றனர். ஈயம் உடலிற் சேரும் முதன்மையான வழி அதுவே.

நடுமுன் மண்ணைச் சோதிப்பது நன்று. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மண் பரிசோதனைக் கூடங்கள் சிறு கட்டணத்தில் இதனைச் செய்து தருகின்றன. ஐயமிருப்பின் பலகை அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை நிரப்பி அதிற் பயிரிடலாம். வாசலிற் செருப்பைக் கழற்றும் நம் வழக்கத்தைக் குளிர்நாட்டிலும் கைவிடலாகாது. சிறு பிள்ளைகளுக்குக் குருதிப் பரிசோதனை செய்விக்குமாறு மருத்துவரைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம். அன்று 40 மைக்கிரோகிராமையே எல்லையாகக் கொண்டிருந்தனர். 2021இல் அமெரிக்கச் சுகாதாரத்துறையினர் 3.5 மைக்கிரோகிராமிலேயே கவனம் தேவை என அறிவித்தனர். பாதுகாப்பான அளவு என எதுவும் அறியப்படவில்லை.

உருக்காலையூரின் தாய்மாருக்கு இதைச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை. நாமோ அறிந்துவிட்டோம். வந்து சேர்ந்த மண்ணை நேசிக்குமுன், அதன் பழங்கதையைக் கேட்டறிவோம்.