பரணில் தூங்கும் மரப்பாச்சி!

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கொலுவில் முதலில் படியேறுவது மரப்பாச்சி ஜோடிதான். அம்மா கல்யாணத்துக்குப் பாட்டி கொடுத்தது. நவராத்திரி முடிந்தால் மறுபடி பரணுக்குப் போய்விடும்.

ஒரு காலத்தில் மரப்பாச்சி, பெண் குழந்தைகளின் விளையாட்டுத் தோழி. செஞ்சந்தன மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசாமல் கொடுத்தார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை என்ற நம்பிக்கை. அதைக் கல்லில் உரசிப் பற்றுப் போட்ட வீடுகளும் உண்டு.

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோபி பழங்குடியினரிடமும் இப்படியொரு வழக்கம் இருக்கிறது. காட்டன்வுட் மர வேரில் செதுக்கும் 'கச்சினா' பொம்மைகளைச் சடங்கின்போது பெண் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். மழை தரும் ஆவிகளின் உருவங்கள் அவை. ஒவ்வொன்றும் யார் என்பதைக் குழந்தைகள் பொம்மையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

செஞ்சந்தனம் இயற்கையாக வளர்வது ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில். கடத்தலால் அரிதாகிவிட்டதால், வெட்டவும் விற்கவும் கடும் கட்டுப்பாடு. வேறு மரத்தில் செதுக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றியவையும் விற்பனைக்கு வருகின்றன. கைக்குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் என்ன மரம், என்ன சாயம் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த முறை எங்கள் வீட்டு ஜோடி பரணுக்குப் போகவில்லை. அக்கா மகள் கையில் இருக்கிறது. மூக்கில் ஒரு கீறல்கூட விழுந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.