பேக்ஹேண்ட் ரப்பரை எடை போட்டு வாங்குங்கள்

நமது சங்க இதழில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் ஏலக்காய் வரத்து, வரி, வட்டி, லாரி வாடகை ஆகியவற்றைப் பற்றியே. இம்மாதம் டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டும் ரப்பரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவில் ஒரு நண்பர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என நமது பள்ளத்தாக்கில் கடையை அடைத்த பிறகு இரவில் ஒரு மணி நேரம் மேசைப்பந்து ஆடிவிட்டு வீடு திரும்பும் வணிகர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் விற்போரும் நமது உறுப்பினர்கள்தாம். இரு தரப்பாருக்கும் பயன்படும் என்று நம்பியே எழுதுகிறேன்.

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளி நாளில் பிடித்த மட்டையை வியாபாரத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் நானும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரவு ஒன்பதரை மணிக்கு ஒரே மேசையில் நிற்கிறவர்கள். அவருக்கு என்னைவிட வயது அதிகம். நான் வராவிட்டால் அவருடன் ஆட வேறு ஆள் கிடையாது. இளைஞர்கள் அடிக்கும் வேகத்துக்கு அவரால் நிற்க முடியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசை வந்தது. கடையில் ஒட்டியே விற்கும் சாதாரண மட்டையை விட்டுவிட்டு, போட்டியில் ஆடுகிறவர்களைப் போலக் கட்டை தனியாகவும் ரப்பர் தனியாகவும் வாங்கி ஒட்டிக் கொள்வது என்று முடிவு செய்தேன். வெளியூர்க் கடை ஒன்றில் விற்பனையாளர், “சார், ரெண்டு பக்கமும் இதையே போட்டுக்குங்க, இதுக்கு மேல சரக்கு இல்லை” என்று எடுத்துக் கொடுத்தார். விலை உயர்ந்தது, கடினமான ஸ்பாஞ்ச், உள்ளதிலேயே கூடுதல் தடிமன். விலை அதிகமானால் சரக்கும் உயர்வாகத்தான் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். முப்பது வருடம் மொத்த வியாபாரம் செய்தவன் செய்யக் கூடாத தவறு அது.

முதல் வாரம் பந்து பறந்தது. மூன்றாம் வாரம் வலது முழங்கையின் வெளிப்புற எலும்பருகே ஒரு வலி தொடங்கியது. இரண்டு மாதத்தில் ஷட்டரை இழுத்துச் சாத்த முடியவில்லை. ஏல மையத்தில் தட்டிலிருந்து ஒரு கை சாம்பிள் அள்ளினால் விரல் இறுகவில்லை. மருத்துவர் ‘டென்னிஸ் எல்போ’ என்றார். ஓய்வு கொடுங்கள், பிறகு ஆடுவதானால் கையில் இருக்கும் சாமானையும் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் ஆடவில்லை. ஜவுளிக்கடை நண்பர் முதலில் சில நாள் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். பிறகு அவரும் வருவதை நிறுத்திவிட்டார். வலியைவிட அதுதான் என்னை உறுத்தியது.

மன்றத்தில் ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருக்கும் நமது உறுப்பினரின் மகன், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பெரியப்பா, மட்டை எத்தனை கிராம்?” என்றார். எனக்குத் தெரியவில்லை! ஒரு மூட்டை ஏலக்காயில் நூறு கிராம் குறைந்தால் தூக்கம் வராதவன், தினமும் ஆயிரம் முறை வீசும் மட்டையின் எடையைக் கேட்டதே இல்லை. மறுநாள் கடையில் சாம்பிள் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 192 கிராம். பழைய மட்டை 160. வித்தியாசம் 32 கிராம்.

முப்பது கிராம் ஒரு எடையா என்று கேட்கலாம். அந்தக் காலத்துத் தூக்குக்கோலைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோலின் கடைக்கோடியில் நிற்கும் சிறு எடை, பிடிக்கு அருகே தொங்கும் பெரிய சுமையைத் தூக்கி நிறுத்தும். மட்டையிலும் அப்படித்தான். ரப்பரின் எடை கைப்பிடியில் இல்லை, முழுவதும் தலைப் பகுதியில் இருக்கிறது. அங்கே கூடும் ஒவ்வொரு கிராமையும் மணிக்கட்டும் முழங்கையும்தான் ஒவ்வொரு வீச்சிலும் கிளப்பி, பிறகு நிறுத்தவும் வேண்டும்.

கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். கட்டை 88 கிராம். ஃபோர்ஹேண்ட் ரப்பர் 49. பேக்ஹேண்ட் ரப்பர் 50. பசையும் ஓரத்து டேப்பும் 5. எங்கே குறைப்பது? கட்டையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டும். “பேக்ஹேண்ட்ல குறைங்க பெரியப்பா” என்றார் அந்தத் தம்பி.

இரண்டு ரப்பரும் ஒரே கட்டையில் ஒட்டியிருக்கும்போது எந்தப் பக்கம் குறைத்தால் என்ன என்று நானும் கேட்டேன். மொத்த எடைக்கு அது சரிதான். ஆனால் எந்தப் பக்கம் குறைத்தால் நஷ்டம் குறைவு என்பதே கேள்வி. ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது இடுப்பு திரும்புகிறது, தோள் வருகிறது, வீச்சு நீளம். கடினமான ஸ்பாஞ்சை அமுக்கிப் பந்தைத் தள்ள அந்த விசை போதும். பேக்ஹேண்ட் வயிற்றுக்கு முன்னால் முன்கையாலும் மணிக்கட்டாலும் போடும் குட்டை வீச்சு. என் வயதில் அந்த வீச்சுக்குக் கடின ஸ்பாஞ்ச் இறங்கவே இறங்காது. காசு கொடுத்து வாங்கிய வேகம் உறையிலேயே கிடக்கும், சுமை மட்டும் கையில் ஏறும். ஆகவே பேக்ஹேண்ட் பக்கம் கனத்த ரப்பர் போடுவது அனுபவிக்காத சரக்குக்கு வாடகை கட்டுவது போன்றது.

இந்த ஸ்பாஞ்ச் விவகாரத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1952இல் பம்பாயில் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அதுதான். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்து ஆடவர் ஒற்றையர் பட்டத்தை எடுத்துக் கொண்டு போனார். பந்து படும் சத்தமே கேட்காமல் எதிராளிகள் திணறினார்கள். அதன் பிறகு எழுந்த சச்சரவுக்கு 1959இல்தான் முடிவு வந்தது: ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. இன்றைக்கும் அதுதான் விதி. கவனியுங்கள், தடிமனுக்கு வரம்பு உண்டு. மட்டையின் எடைக்கு விதியில் வரம்பே கிடையாது. அதனால்தானோ என்னவோ, பெட்டியின் மேல் 1.8, 2.0, ‘மேக்ஸ்’ என்று ஸ்பாஞ்சின் தடிமனை அச்சிடுகிறார்கள். எடையைப் பொதுவாக அச்சிடுவதில்லை.

ஏலக்காயில் நாம் ‘லிட்டர் வெயிட்’ பார்ப்பது ஏன்? எட்டு மில்லிமீட்டர் காய் இரண்டு லாட்டில் ஒரே அளவாகத் தெரியும். லிட்டர் பாத்திரத்தில் அள்ளி நிறுத்தால்தான் எதில் விதை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ரப்பர் ஷீட்டும் அதே ஜாதி. ஒரே தடிமன், ஒரே நிறம். ஒன்று வெட்டி ஒட்டியபின் 40 கிராம், மற்றொன்று 50. ஸ்பாஞ்சுக்குள் காற்றுத் துளை எவ்வளவு, மேல் ரப்பர் எவ்வளவு கனம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். அது மட்டுமல்ல, ஒரே கம்பெனியின் ஒரே ரகத்திலேயே ஷீட்டுக்கு ஷீட் இரண்டு மூன்று கிராம் வேறுபடும்.

இதில் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஷீட் சதுரமாக வருகிறது. மட்டை அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நிற்கும். வெட்டாத ஷீட் 70 கிராம் என்றால் மட்டையில் 49. ஷீட் 57 என்றால் மட்டையில் 40. கடையிலேயே உறையைப் பிரித்து நிறுத்துப் பார்த்தால் வீட்டுக்கு வந்து வருந்த வேண்டியதில்லை.

எடையைக் குறைக்கப் பலரும் முதலில் நினைப்பது தடிமனைக் குறைப்பது. அதில் கிடைப்பது நாம் நினைக்கும் அளவு இல்லை. 2.1இலிருந்து 1.8க்கு இறங்கினால் மிஞ்சுவது மூன்று கிராம் அளவுதான். ஷீட்டின் எடையில் பெரும் பங்கு மேல் ரப்பரில் இருக்கிறது, அது அப்படியே நிற்கும். மிருதுவான, துளை நிறைந்த ஸ்பாஞ்ச் உள்ள ரகத்துக்கு மாறினால்தான் ஆறு, எட்டு கிராம் இறங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பாஞ்சின் கடினத்தை டிகிரியில் போடுகிறார்கள். சீனத்து 40 வேறு, ஜெர்மனியின் 40 வேறு. சீன ரப்பரில் 40 என்பது நல்ல கடினம், ஜெர்மன் ரப்பரில் 40 என்பது மிருது. பழைய பட்டணம் படியும் மதுரைப் படியும் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். எண்ணை நம்பாமல் விரலால் அமுக்கிப் பார்ப்பதே மேல்.

இதைவிட இலேசு வேண்டுமானால் பிம்பிள்ஸ், அதாவது முள் வெளியே தெரியும் ரப்பர். அதிலும் நீண்ட முள் உள்ளதை ஸ்பாஞ்சே இல்லாமல் ஒட்டினால் ஒரு பக்க எடை இருபது கிராமுக்குள் அடங்கும். நமது மணிகா பத்ரா 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஒலிம்பிக் பதக்க வீராங்கனை ஃபெங் தியான்வெய்யை வீழ்த்திப் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றபோது பேக்ஹேண்டில் இருந்தது நீண்ட முள் ரப்பர்தான். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி சீனத்தின் சுன் யிங்ஷாவைத் தோற்கடித்ததும் பேக்ஹேண்டில் வழக்கத்துக்கு மாறான ரப்பரை வைத்துத்தான். இந்தியா அன்று 2-3 என்ற கணக்கில் தோற்றாலும் அந்த ஒரு ஆட்டத்தை உலகமே பேசியது. அவர்கள் அதைத் தேர்ந்தது எடைக்காக அல்ல, எதிராளியின் சுழலைக் குழப்புவதற்காக. அது தனி வித்தை.

அது தெரியாமல் நானும் பேராசையில் ஒன்று செய்தேன். எடைதானே குறைய வேண்டும் என்று குட்டை முள் ரப்பர் ஒன்றை, வெட்டினால் 34 கிராம், ஒட்டிப் பார்த்தேன். முழங்கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் என் கை நாற்பது வருடமாகப் பழகியிருப்பது வழவழப்பான ரப்பருக்கு. தள்ளிய பந்தெல்லாம் வலையில் விழுந்தது. தம்பிமார் ஓங்கி அடித்தால் மட்டையே பின்னால் சாய்ந்தது. இலேசுக்கும் ஒரு எல்லை உண்டு என்பது அதில் தெரிந்தது. இரண்டு வாரத்தில் உரித்துவிட்டேன்.

கடைசியில் நின்றது மிருதுவான ஸ்பாஞ்ச், 1.8 தடிமன், வெட்டியபின் 39 கிராம் உள்ள வழவழப்பான ரப்பர். மொத்த மட்டை 181. குறைந்தது 11 கிராம், நான்கு பந்துகளின் எடை (ஒரு பந்து 2.7 கிராம்). தராசில் அற்பம். கையில், பேக்ஹேண்ட் போட்டுவிட்டு அடுத்த நொடியே ஃபோர்ஹேண்டுக்குத் திரும்பும்போது தெரிகிறது, முன்பு தாமதமாக வந்த மட்டை இப்போது நேரத்துக்கு வருகிறது. நஷ்டம் இல்லாமல் இல்லை. ஓங்கி அடித்தால் பந்து ஸ்பாஞ்சைத் தாண்டிக் கட்டையில் இடிக்கிறது, வேகம் வருவதில்லை. பேக்ஹேண்டில் முன்பு எடுத்த சில பாயிண்டுகள் இப்போது கிடைப்பதில்லை. மிருது ரப்பர் சீக்கிரம் தேயும் என்றும் சொல்கிறார்கள், அதையும் பார்க்க வேண்டும். முழங்கை வலிக்கு ரப்பர் மட்டுமே காரணம் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஓய்வும் பயிற்சியும் சேர்ந்தே குணமானது. ஆனால் பழைய ரப்பரோடு திரும்பியிருந்தால் வலியும் திரும்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

ஒட்டும்போதும் எடை ஏறும். 2008க்குப் பிறகு வேகப் பசைகள் தடை செய்யப்பட்டு, தண்ணீர் கலந்த பசைகளே புழக்கத்தில் உள்ளன. அதை மூன்று நான்கு பூச்சுப் பூசினால் குறைத்த எடையில் இரண்டு கிராம் திரும்ப வந்துவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு, நன்றாகக் காயவிட்டு ஒட்டினால் போதும்.

இப்போது விளையாட்டுச் சாமான் விற்கும் நண்பர்களுக்கு. ஒரு ஷீட் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை விற்கிறது. உங்கள் கடையில் சிறு தராசு ஒன்று வைத்து, சரக்கு வந்ததும் ஒவ்வொரு ஷீட்டையும் நிறுத்து, உறையின் மூலையில் பென்சிலால் கிராமை எழுதி வையுங்கள். வேலை அவ்வளவுதான். மாணவருக்குக் கனத்ததும் வயதானவருக்கு இலேசானதும் எடுத்துக் கொடுக்கலாம், ஒரே பெட்டியில் இரண்டு வாடிக்கையாளரும் திருப்தி அடைவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது சர்வதேச சம்மேளனத்தின் முத்திரை ரப்பரின் மேல் இருக்கிறதா என்றும், ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மறுபக்கம் சிவப்பு மட்டுமல்ல, 2021 அக்டோபரிலிருந்து நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் செல்லும். போட்டிக்குப் போன பிள்ளையின் மட்டையை நடுவர் ஒதுக்கினால் பெற்றோர் திரும்ப நம் கடைக்குத்தான் வருவார்கள்.

2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நாற்பது வயதில் ஒற்றையர் தங்கம் வென்ற நமது சென்னை சரத் கமலைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அவர் போடும் ரப்பரையே கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர் கை வேறு, உங்கள் வாடிக்கையாளர் கை வேறு. முதலில் அவர் இப்போது வைத்திருக்கும் மட்டையை வாங்கித் தராசில் வையுங்கள், பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

நான் மறுபடி மேசைக்குத் திரும்பியதும் ஜவுளிக்கடை நண்பரும் வரத் தொடங்கிவிட்டார். கதையைக் கேட்டுவிட்டு, “என் மட்டையையும் நிறுத்துப் பாருங்க அண்ணாச்சி” என்று ஒரு நாள் கடைக்கே கொண்டு வந்தார். 186 கிராம் இருந்தது. அவருடைய பேக்ஹேண்ட் ரப்பர் ஆறு வருடப் பழசு, ஓரமெல்லாம் உதிர்ந்திருந்தது. அதை மாற்ற அவருக்கு மனமில்லை. இன்னும் அதை வைத்துத்தான் ஆடுகிறார். வாரத்தில் நான்கு நாள் என்னை ஜெயிக்கவும் செய்கிறார்.