ஏழு தந்தி வயலினும் பண்டரிபாயின் முதல் படமும்

மேடை தந்த முகங்கள் – 17

பட்கலில் பிறந்த கீதா, கதாகாலட்சேப மேடையில் வளர்ந்து நடிகை பண்டரிபாய் ஆன கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் அவருடைய அம்மா வேடங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் 'வாணி' என்னை விடவில்லை.

'வாணி' 1943இல் வந்த கன்னடப் படம். பண்டரிபாய்க்கு அதுதான் முதல் படம். இயக்கியவர் மைசூர் நாடக உலகின் கே. ஹிரண்ணையா. பெங்களூர்க்காரர்கள் கொண்டாடிய மாஸ்டர் ஹிரண்ணையாவின் தந்தை. சரி, படத்துக்குப் பணம் போட்டது யார்? அதோடு அதில் நடிக்கவும் செய்தது யார்? வயலின் மேதை மைசூர் சௌடையா! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு சௌடையா என்றால் வயாலிகாவலில் இருக்கும் மண்டபம். 1980இல் திறக்கப்பட்டது. கட்டடமே ஒரு வயலின். நெளிந்த இடுப்பு, நீண்ட கழுத்து, மேலே இழுத்துக் கட்டிய தந்திகள், வில் என்று ஒன்றையும் விடவில்லை. பேருந்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் அடுத்த முறை நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கவாத்தியக்காரருக்கு ஓர் ஊர் இவ்வளவு பெரிய மரியாதை செய்திருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

சௌடையாவின் வயலினுக்கு ஏழு தந்திகள். வழக்கமான நான்கோடு மேலும் மூன்றைச் சேர்த்துக்கொண்டார். மைக் பரவாத காலம். முன்வரிசையில் இருப்பவருக்குக் கேட்கிற வாசிப்பு கடைசி வரிசைக்குப் போவதற்குள் கரைந்துவிடும். கூடுதல் தந்திகள் நாதத்தைக் கனமாக்கின. கச்சேரி கேட்க நடந்து வந்து, பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் வயலின் கேட்டாக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார். மரபை மீறியதாக முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1957இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது.

இதற்கும் பண்டரிபாய்க்கும் என்ன சம்பந்தம்? எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. கதாகாலட்சேபமும் கடைசி வரிசைக்காகப் பிறந்த கலைதான். ஒரே ஆள் நின்றபடி பாட வேண்டும், கதை சொல்ல வேண்டும்; ராஜாவாகவும் ராணியாகவும் வாசல்காப்பவனாகவும் மாறி மாறிப் பேச வேண்டும். உடை மாற்ற நேரமில்லை. குரலும் நிற்கிற தோரணையும் மட்டுமே கையில் உள்ள சரக்கு. சிறு வயதிலேயே அதில் பழகிய பெண்ணுக்கு, கேமரா முன் கத்தவும் வேண்டாம், கைகளை வீசவும் வேண்டாம் என்பது சீக்கிரமே புரிந்திருக்கும். அவருடைய தமிழ் வசனங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழும்.

அதனால்தானோ என்னவோ, புதுமுகங்களுக்கு எதிரே நிற்கும் பொறுப்பு அவருக்கே வந்தது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்கு அது முதல் படம். பண்டரிபாய் சினிமாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குணசேகரனாக வரும் சிவாஜியின் ஆவேசத்துக்கு எதிரே விமலாவாக வரும் பண்டரிபாய் நிதானமாகப் பேசுவதைப் பாருங்கள். இரண்டு வருஷம் கழித்து கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா'. நம் பெரியபுராணத்துக் கண்ணப்பர் கதைதான். ராஜ்குமார் நாயகனாக நடித்த முதல் படம். கண்ணப்பனின் மனைவி நீலாவாக நடித்தவர் பண்டரிபாய். தமிழ்நாடு ஒருவரையும் கர்நாடகம் ஒருவரையும் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றன. இருவருக்கும் முதல் ஜோடி ஒரே பெண். மூவருமே மேடையில் வளர்ந்த பிள்ளைகள். சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் பாய்ஸ் கம்பெனி, ராஜ்குமார் குப்பி வீரண்ணாவின் கம்பெனி, இவர் காலட்சேபம்.

அந்த 1954இலேயே 'அந்த நாள்'. பாட்டும் நடனமும் இல்லாத தமிழ்ப் படம். இயக்கியவரோ வீணை எஸ். பாலசந்தர், சங்கீதமே மூச்சானவர். முதல் படத்தில் ஒரு வயலின் மேதை, இதில் ஒரு வீணை மேதை. ஆனால் இந்தப் படத்தில் பண்டரிபாய்க்குக் கைகொடுக்க ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. கணவன் ராஜன், அதாவது சிவாஜி, சுடப்பட்டுக் கிடக்கிறான். துப்பறிய வரும் ஜாவர் சீதாராமன் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். மனைவி உஷாவாக வரும் பண்டரிபாய் பதில் சொல்கிறார். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதை உஷாவின் முகம் கடைசி வரை பிடித்து வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் படம் முடிந்துவிடும். சிவாஜியின் நடிப்பைப் பற்றி நாம் எத்தனையோ பக்கம் எழுதியாயிற்று. உஷாவுக்கு அதில் பாதியாவது எழுதியிருக்க வேண்டாமா? பண்டரிபாய் என்றதும் வெள்ளைப் புடவையும் கண்ணீரும் மட்டும் ஞாபகத்துக்கு வருவது எனக்குத் தாங்கவில்லை. இந்த வாரம் முழுக்க நாயகி பண்டரிபாய்க்கே போனதற்கு அதுதான் காரணம்.

அம்மா வேடங்களுக்கு அடுத்த வாரம் முழுதாக வருகிறேன். 'குடியிருந்த கோயில்' எம்.ஜி.ஆரின் தாய் இருக்கிறார். 'மன்னன்' ரஜினியின் தாய் இருக்கிறார்; பெங்களூர் பஸ் கண்டக்டராக இருந்தவருக்குக் கன்னடத்து அம்மா! அந்தப் படமே ராஜ்குமாரின் 'அனுராக அரளிது'விலிருந்து வந்தது. ஆனால் முதலில் 'தெய்வமகன்'. 1969இல் வந்த அந்தப் படத்தில் மூன்று சிவாஜிகள். பண்டரிபாய் ஒருவருக்கு மனைவி, மற்ற இருவருக்கும் தாய். முடிந்தால் அதற்குள் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)