கடைசியா வர்றவர்தான் கேப்டன்!

பார்க் என்றதும் சறுக்குமரம், சிமென்ட் பெஞ்ச், சுண்டல் பொட்டலம் ஞாபகம் வருகிறதா? அமெரிக்காவில் 'ஸ்டேட் பார்க்' என்றால் சமாசாரமே வேறு. முழுசாக ஒரு மலையே பார்க்குக்குள் இருக்கும்!

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மொனாட்நாக் அப்படி ஒரு மலை. உயரம் 3,165 அடி. நம் திருவண்ணாமலையைவிட சுமார் ஐந்நூறு அடி ஜாஸ்தி, அவ்வளவுதான். பாஸ்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் அடிவாரம். உலகத்திலேயே அதிகம் பேர் ஏறும் மலைகளில் ஒன்று என்று இதற்குப் பெயர். 'வால்டன்' எழுதிய தோரோ 1844-லிருந்து 1860-க்குள் நான்கு தடவை ஏறியிருக்கிறார்.

உச்சி முழுக்க மொட்டைப் பாறை. அதற்கும் ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ஆடுகளைத் தின்னும் ஓநாய்கள் மேலே ஒளிந்திருப்பதாக நினைத்து விவசாயிகள் தீ வைத்துவிட்டார்கள். மரம் போச்சு, பின்னாலேயே மண்ணும் போச்சு. மறைக்க ஒன்றும் இல்லாததால் இன்று நாலாபுறமும் பிரமாதமான காட்சி! அக்டோபரில் கீழே காடு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள்.

"அடுத்த சனிக்கிழமை எல்லாருமா மொனாட்நாக் போலாமா?"

இப்படி யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ, அவர்தான் அமைப்பாளர். நம்மவர்கள் இருபது பேர் சேர்ந்தால் அடுத்த விவாதம் என்னவாக இருக்கும்? புளியோதரை யார், தயிர்சாதம் யார், சிப்ஸ் எத்தனை பாக்கெட்! எல்லாம் சரி. 'எத்தனை மணிக்குத் திரும்புறோம்?' என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

கிளம்பும் முன்

சீசனில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆன்லைனில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பத்துக் காரில் போவதைவிட ஐந்து காரில் நெருக்கியடித்துக்கொண்டு போவது நல்லது. நாய்க்கு அங்கே அனுமதி கிடையாது. குப்பையை நீங்களேதான் திருப்பி எடுத்து வர வேண்டும்.

அடுத்தது, யார் யார் வருகிறார்கள்? 'வொயிட் டாட்' என்ற பாதை உச்சிக்கு நேரே போகிறது. போக மட்டும் சுமார் இரண்டு மைல். "இவ்வளவுதானா?" என்று அலட்சியமாகச் சொல்லாதீர்கள். அந்த இரண்டு மைலுக்குள் ஆயிரத்து எழுநூறு அடிக்கு மேல் ஏற வேண்டும்! சில இடங்களில் பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற முடியும். முழங்கால் வலி, ஆஸ்துமா, சர்க்கரை யாருக்கு இருக்கிறது என்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவில் கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். "எனக்கென்னப்பா, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்கள்!

வால் பதவி

கூட்டத்தில் எப்போதும் நாலு பேர் வேகமாக நடப்பார்கள். அரை மைல் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஜோக் அடித்துக்கொண்டிருப்பார்கள். மூச்சு வாங்க வாங்க கடைசி ஆள் வந்து சேர்வார். உடனே இவர்கள், "அப்பாடா, வந்துட்டீங்களா மாமா, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அதாவது, ஓய்வு தேவைப்படாதவருக்குப் பத்து நிமிஷம். தேவைப்படுகிறவருக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை! இரண்டு முறை இப்படி நடந்தால் மாமா, "நீங்க போங்கப்பா, நான் மெதுவா வர்றேன்" என்பார். ஆபத்து ஆரம்பிப்பது அந்த வார்த்தையில்தான்.

எனவே மூன்று சட்டங்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரம் ஆரம்பம். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வரும்வரை நின்று தலை எண்ண வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் 'வால்' பதவியை ஏற்று, கடைசி ஆளுக்கும் பின்னால் நடக்க வேண்டும். யாராவது திரும்ப நினைத்தால் தனியாக அனுப்பவே கூடாது. கூட இரண்டு பேர் போகட்டும்.

கடிகாரம் சொன்னால் கேளுங்கள்

காலை ஒன்பதுக்கு ஏற ஆரம்பித்தால், "ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிடணும்" என்று அடிவாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். மேலே போய்ப் பேசினால், "இதோ உச்சி தெரியுதே" என்ற ஆசைதான் ஜெயிக்கும். இறங்குவது சுலபம் என்பதும் மாயை. களைத்த காலுக்கும் ஈரப் பாறைக்கும் ஆகவே ஆகாது. அக்டோபர் நடுவில் ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டு.

பையில் மேப், திசைகாட்டி, டார்ச், விசில், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி, தீப்பெட்டி, சின்னக் கத்தி, கூடுதல் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் இருக்கட்டும். செல்போன்தான் இருக்கிறதே என்கிறீர்களா? சிக்னல் இல்லாத இடத்தில் அது வெறும் கேமரா. விசிலை மூன்று முறை ஊதினால் 'ஆபத்து, உதவி வேண்டும்' என்று அர்த்தம். யார் யார் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். அந்த மாநிலத்தில் அஜாக்கிரதையால் மாட்டிக்கொண்டு, மீட்புப் படை வந்து தூக்கும்படி ஆனால், செலவுக்கு பில் உங்கள் பெயருக்கே வரலாம். இதற்காகவே 2015 முதல் 'ஹைக் சேஃப்' என்று ஒரு கார்டு விற்கிறார்கள். அதை வாங்கியிருந்தால் சாதாரண அஜாக்கிரதைக்கு பில் கிடையாது. வேண்டுமென்றே விபரீத விளையாட்டு விளையாடினால் கார்டும் காப்பாற்றாது!

இத்தனைக்கும் நடுவில் உச்சியைத் தொட முடியாமலே திரும்ப நேரலாம். வருத்தப்படாதீர்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பது கணக்கே இல்லை. வந்த இருபது பேரும் கார் அருகே வந்து சேர்ந்தார்களா என்பதுதான் கணக்கு. உச்சியில் சாப்பிட வேண்டிய புளியோதரை, பார்க்கிங்கில் சாப்பிட்டாலும் அதே ருசிதான்!